தேய்பிறை இரவுகளும் ஒரு கேமராவும்



ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இராஜபாளையத்துக்கும் இடைப்பட்ட வன்னியம்பட்டியில் நாங்கள் வசிக்கிறோம். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயிலும் எங்கள் மகனுக்கு இரவு வானத்தைப் படம் எடுப்பதில் நாட்டம் அதிகம். அவனுடைய மாமா வாங்கித் தந்த கேனன் 1500டி கேமராவும், அதனுடன் வந்த 18–55 லென்ஸும் அவனிடம் உள்ளன. இந்த ஆண்டுத் தொடக்கத்தில் அவன் எங்களிடம் ஒரு கோரிக்கை வைத்தான். "அத்தா, இந்தக் கேமராவுல பால்வீதி தெளிவா விழ மாட்டேங்குது. படமெல்லாம் புள்ளி புள்ளியா வருது. ஃபுல் பிரேம் கேமரா வாங்கினா சரியாயிடும்" என்றான். லென்ஸுடன் சேர்த்து விலை ஒன்றரை லட்சம் ரூபாயைத் தாண்டியது. தவணையில் வாங்கலாம், வட்டி கிடையாது என்று கடையில் சொல்லியனுப்பியிருந்தார்கள்.

வீட்டில் அவ்வளவு தொகை இல்லாமல் இல்லை. ஆனால் அது மகளின் அடுத்த ஆண்டுக் கல்லூரிச் சேர்க்கைக்கென ஒதுக்கி வைத்தது. "வேண்டாம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட மனம் வரவில்லை. "வாங்கிக்கொள்" என்று சொல்லவும் துணிவில்லை. அல்லாஹ் தந்த பொருள் ஓர் அமானிதம் என்றால், பிள்ளையின் உள்ளத்தில் அவன் விதைத்த ஆர்வமும் ஓர் அமானிதமே. ஆகவே கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டோம். படம் தெளிவாக வராததற்குக் கேமராதான் காரணமா? அதை அறிந்த பிறகு முடிவெடுப்போம், மூன்று மாதம் பொறுத்துக்கொள் என்று அவனிடம் சொன்னோம். அந்த மூன்று மாதங்களில் அறிந்தவற்றை இங்கே பகிர்கிறோம். கைப்பேசி, மடிக்கணினி, இருசக்கர வாகனம் என்று இதே கேள்வி வேறு உருவங்களில் எல்லா வீடுகளிலும் வந்துகொண்டுதானே இருக்கிறது.

வானத்தைப் பார்ப்பது வீண் பொழுதுபோக்கா?

குடும்பப் பெரியவர்கள் சிலர் இப்படிக் கேட்டதுண்டு. நபி (ஸல்) அவர்கள் இரவின் பிற்பகுதியில் விழித்தெழுந்து, வானத்தை நோக்கியவாறு ஆலு இம்ரான் அத்தியாயத்தின் இறுதி வசனங்களை ஓதியதை இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். வானங்களின் படைப்பைச் சிந்திப்போரைப் பற்றிய வசனங்கள் அவை. அல்முல்க் அத்தியாயமோ, பார்வையை மீண்டும் மீண்டும் வானத்தின் பக்கம் திருப்பிப் பார்க்கச் சொல்கிறது.

அந்த அழைப்பை நம் முன்னோர் வெறும் வாய்ச்சொல்லாக விட்டுவிடவில்லை. அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி 964-ஆம் ஆண்டளவில் எழுதிய விண்மீன் நூலில், ஆண்ட்ரோமெடா எனப்படும் பேரண்டக் கூட்டத்தை ஒரு சிறு மேகம் போலக் குறித்து வைத்தார். தொலைநோக்கி தோன்றுவதற்கு ஆறு நூற்றாண்டுகளுக்கு மேல் முற்பட்ட காலம் அது. பஸராவில் பிறந்த இப்னுல் ஹைஸம், இருண்ட அறையின் சிறு துளை வழியே நுழையும் ஒளி எவ்வாறு உருவம் வரைகிறது என்று ஆராய்ந்தார். இன்றைய கேமராவின் அடிப்படையும் அதுதான். அல்தபரான், ரிஜ்ல், ஃபமுல் ஹூத் என்னும் அரபுப் பெயர்கள் உலகெங்கும் விண்மீன்களின் பெயர்களாக இன்றளவும் நிலைத்திருக்கின்றன. உருவப்படம் குறித்து மிகுந்த பேணுதல் காட்டும் ஆலிம்களும் உயிரற்றவற்றின் படத்தைத் தடுப்பதில்லை. எனவே அவனது ஆர்வத்தில் எங்களுக்குக் குறை தெரியவில்லை. செலவைத்தான் எடைபோட வேண்டியிருந்தது.

கேமராவுக்குள் நுழையும் ஒளி

படத்தில் தெரியும் மணல்மணி போன்ற புள்ளிகளுக்கு முதற்காரணம் ஒளிக் குறைவு. விண்மீனின் ஒளி மிக மெலிந்தது. அதைக் கேமரா எவ்வளவு திரட்டுகிறதோ அவ்வளவுக்குப் படம் தெளியும். திரட்டுவதற்கு மூன்று வழிகள் உண்டு. லென்ஸின் துளை அகலமாக இருக்கலாம், அது திறந்திருக்கும் நேரம் நீளலாம், சென்சார் பெரிதாக இருக்கலாம். மகன் மூன்றாவதை மட்டுமே கேட்டான். அதுதான் மூன்றிலும் விலை மிகுந்தது.

அவனிடம் உள்ள லென்ஸை 18 மி.மீ. நிலையில் எஃப் 3.5 அளவுக்குத் திறந்தால், ஒளி நுழையும் துளையின் குறுக்களவு ஏறத்தாழ 5 மி.மீ. மட்டுமே. இருளில் நன்கு விரிந்த ஓர் இளைஞரின் கண்மணியே 7 மி.மீ. அளவு இருக்கும்! இதற்கு மாறாக, 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸின் துளை ஏறத்தாழ 28 மி.மீ. பரப்பில் கணக்கிட்டால் அது 29 மடங்கு பெரிது. புதிதாக வாங்கினாலும் பத்தாயிரம் ரூபாய் அளவில் கிடைக்கும் லென்ஸ் அது. ஒரே நேரத்தில் அடங்கும் வானத்தின் பரப்பு குறைந்துவிடும் என்பது உண்மையே. ஆயினும் பால்வீதியின் மையப்பகுதி அதில் அடங்கும்.

ஒளி திரட்டும் நேரத்தை நினைத்தபடி நீட்டவும் முடியாது. பூமி மணிக்கு 15 பாகை சுழல்வதால் விண்மீன்கள் கோடுகளாக இழுபட்டுவிடும். 500 என்ற எண்ணை லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்து, 1500டி போன்ற சிறிய சென்சாருக்கு அதை மேலும் 1.6-ஆல் வகுத்தால் தாங்கும் நேரம் கிடைக்கும். 18 மி.மீ. லென்ஸுக்கு 17 வினாடி, 50 மி.மீ. லென்ஸுக்கு 6 வினாடி. இந்த எல்லையைத் தாண்டவும் செலவில்லாத ஒரு வழி உண்டு. ஒரே பகுதியைப் பல படங்களாக எடுத்து, கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது. சீக்வேட்டர், டீப் ஸ்கை ஸ்டேக்கர் போன்ற இலவச மென்பொருள்களே இதற்குப் போதும். 16 படங்களை அடுக்கினால் புள்ளிகள் நான்கில் ஒரு பங்காகக் குறையும். 64 படங்களை அடுக்கினால் எட்டில் ஒரு பங்காகும்.

ஃபுல் பிரேம் சென்சாரின் பரப்பு அவனது கேமராவின் சென்சாரைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு. மற்ற யாவும் சமமாக இருந்தால் அது இரண்டரை மடங்கு ஒளியைத் திரட்டும். அதாவது, புதிய கேமரா ஒரு படத்தில் தருவதைப் பழைய கேமரா மூன்று படங்களை அடுக்கித் தந்துவிடும். ஒன்றரை லட்சத்துக்கு ஈடாக நிற்பது அரை நிமிடப் பொறுமை என்று தெரிந்தபோது, மகனே கணக்கை மறுபடியும் ஒருமுறை போட்டுப் பார்த்தான்.

ஹிஜ்ரி நாட்காட்டி சொல்லும் இருள்

இரவுப் படம் எடுப்போர் நிலவின் வளர்ச்சியையும் தேய்வையும் அறியக் கைப்பேசிச் செயலிகளைத் தேடுவார்கள். நம் வீட்டுச் சுவரில் தொங்கும் ஹிஜ்ரி நாட்காட்டியே அதைச் சொல்லிவிடும். பிறை 13, 14, 15 ஆகியவை நோன்பு நோற்கச் சிறப்பான வெள்ளை நாள்கள். இரவெல்லாம் நிலவு நிறைந்திருக்கும். இருண்ட இடத்தில்கூட முழுநிலவு வானப் பின்னணியை இருபது மடங்குக்கும் அதிகமாக வெளிறச் செய்துவிடும். எந்தக் கேமராவும் அதை ஈடுகட்டாது. பிறை 7 அளவில் நிலவு நள்ளிரவையொட்டி மறைகிறது. 22 அளவில் நள்ளிரவையொட்டி உதிக்கிறது. ஆகவே இஷாவுக்குப் பின் படம் எடுக்க மாதக் கடைசியும், சஹர் வேளையில் படம் எடுக்க மாதத் தொடக்கமும் ஏற்றவை.

தொழுகை நேரங்களும் இதற்கு உதவின. சூரியன் அடிவானத்துக்குக் கீழே 18 பாகை இறங்கும்போது வானம் முழு இருளை அடைகிறது. பல நேர அட்டவணைகள் ஃபஜ்ருக்கு எடுத்துக்கொள்ளும் அளவும் அதே 18 பாகைதான். பாங்கு ஒலிக்கத் தொடங்குவதற்குள் கேமராவை எடுத்து வைத்துவிடலாம். தொழுகைக்கும் ஆர்வத்துக்கும் மோதலே வராது. அதற்கு முன் கிழக்கில் கூம்பாக மேலெழும் மங்கிய ஒளியைச் சுப்ஹு காதிப் என்று ஃபிக்ஹு நூல்கள் கூறும். ஓநாயின் வாலுக்கு உவமிக்கப்பட்ட பொய்வைகறை. சூரியனைச் சுற்றியுள்ள நுண்தூசிகளில் ஒளி பட்டுச் சிதறுவதால் உண்டாகும் தோற்றம் அது என்று இன்றைய வானியல் விளக்குகிறது. மதரஸாவில் பாடமாக மட்டும் படித்ததைத் தன் பழைய கேமராவின் சாதாரண லென்ஸிலேயே பதிக்க முடியும் என்று அறிந்ததும் மகனுக்கு உற்சாகம் தாங்கவில்லை.

எங்கள் ஊரின் வானம்

வன்னியம்பட்டி ஏறத்தாழ ஒன்பதரைப் பாகை வட அகலாங்கில் உள்ளது. துருவ விண்மீன் வடக்கே அடிவானத்தையொட்டித் தாழ்ந்து நிற்கும்; சுஹைல் தெற்கே நன்றாகவே உயர்ந்து தெரியும். பால்வீதியின் மையம் இங்கே 51 பாகை வரை உயர்கிறது. இலண்டனில் அது பத்துப் பாகையைக்கூட எட்டுவதில்லை. அங்குள்ளவர்கள் விலை உயர்ந்த கருவிகளோடு வெகுதூரம் பயணம் செய்து தேடும் காட்சியை அல்லாஹ் நம் தலைக்கு மேல் வைத்திருக்கிறான்.

குறைகளும் உண்டு. மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை அடிவானத்தை மறைக்கிறது. தலைப்பிறை பார்க்கும் மாலைகளில் இதை நன்கு அறிவோம். வடகிழக்கே ஸ்ரீவில்லிபுத்தூரின் ஒளி, தென்மேற்கே இராஜபாளையத்தின் ஒளி. எனவே எங்களுக்கு வாய்த்த நல்ல திசை தென்கிழக்கு. மார்ச் மாத நடுவில் சஹர் வேளையில் பால்வீதியின் மையம் அதே திசையில் ஏறத்தாழ 40 பாகை உயரத்தில் நிற்கும். சூன் முதல் தென்மேற்குப் பருவக்காற்றின் மேகங்கள் மலைமேல் திரளும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. ஆகவே தை முதல் சித்திரை வரை கிடைக்கும் நாள்களே பொன்னான நாள்கள்.

மலைக்குள் போனால் இன்னும் இருட்டாக இருக்குமே என்று இளைஞர்கள் நினைப்பார்கள். அது 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். இரவில் அனுமதியின்றி அங்கே நுழைவது சட்டத்துக்கும் புறம்பு, உயிருக்கும் ஆபத்து. நாங்கள் ஊருக்குக் கிழக்கே உறவினர் ஒருவரின் தோப்பை, அவரிடம் கேட்டுக்கொண்டு, பயன்படுத்தினோம். தனியாகப் போகக் கூடாது என்பது வீட்டின் நிபந்தனை. வீட்டிலிருந்து ஒருவர் எப்போதும் உடன் சென்றோம்.

மூன்று மாதச் சோதனை

ஷஃபான் மாதக் கடைசியில் முதல் சோதனை. அதுவரை மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின்மேல் கேமராவை வைத்து எடுத்துக்கொண்டிருந்தான். மூவாயிரம் ரூபாய்க்குள் ஒரு முக்காலி வாங்கினோம். தோப்பில் முக்காலியின்மேல் கேமராவைப் பொருத்தி, பிரகாசமான ஒரு விண்மீனைத் திரையில் பத்து மடங்கு பெரிதாக்கிக் கையால் குவியத்தைச் சரிசெய்து, ரா வடிவத்தில் 40 படங்கள் எடுத்தான். அடுக்கிப் பார்த்தபோது, மாடியில் எடுத்த படங்களும் இவையும் ஒரே கேமராவில் எடுத்தவை என்று நம்ப முடியவில்லை. மாடிப் படங்களின் மங்கலில் ஒரு பங்கு குவியப் பிழையாலும், மற்றொரு பங்கு தெருவிளக்கின் ஒளியாலும் வந்திருந்தது.

ரமலானின் முதல் வாரத்தில் இரண்டாவது சோதனை. திருமணப் படங்கள் எடுக்கும் உறவினர் ஒருவரிடம் ஃபுல் பிரேம் கேமரா உண்டு. ரமலானில் அவருக்கு வேலை குறைவு என்பதால் ஓர் இரவுக்கு இரவல் கொடுத்தார். அதிலிருந்த லென்ஸ் எஃப் 4. இரு கேமராக்களையும் அருகருகே நிறுத்தி, வானத்தின் ஒரே பகுதியை எடுத்தான். தனிப்படமாகப் பார்த்தால் ஃபுல் பிரேம் படம் தெளிவுதான். அதை மறுக்க இயலாது. ஆனால் பழைய கேமராவின் இரண்டு மூன்று படங்களை அடுக்கியவுடன் வேறுபாடு மறைந்துவிட்டது. லென்ஸின் துளை ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும்போது பெரிய சென்சார் மட்டும் தனித்து நின்று அதிகம் செய்துவிட முடியாது என்பது அன்று கண்கூடானது.

ஷவ்வாலின் தொடக்கத்தில் மூன்றாவது சோதனை. அதே உறவினரிடமிருந்த 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸை இரவல் வாங்கிப் பழைய கேமராவில் பொருத்தினான். ஓரங்களில் விண்மீன்கள் சற்றே சிதைந்ததால் துளையை எஃப் 2.8 அளவுக்குக் குறைத்துக்கொண்டான். 6 வினாடி வீதம் நூறு படங்கள், மொத்தம் பத்து நிமிட ஒளி. மறுநாள் மாலை கணினித் திரையில் பால்வீதியின் கருந்தூசிப் பட்டைகள் தெளிவாகத் தெரிந்தபோது, வீட்டில் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தோம். சுப்ஹானல்லாஹ்! "அத்தா, இது நம்ம தோப்புல எடுத்ததுன்னு யாரும் நம்ப மாட்டாங்க" என்றான்.

காவலூர் சொல்லும் பாடம்

இடம் முதலில், கருவி பிறகு என்பதற்குத் தமிழகத்திலேயே பெரிய சான்று இருக்கிறது. ஹைதராபாத்தில் நவாப் ஜாபர் ஜங் தொடங்கிய நிஜாமியா வானாய்வகத்தில் பணியாற்றியவரின் மகன் வைணு பாப்பு. பின்னாளில் கொடைக்கானல் வானாய்வகத்தின் பொறுப்பை ஏற்ற அவர், இரவு வானத்தை ஆராய ஏற்ற இடம் தேடி ஜவ்வாது மலையின் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். அங்கே 1968-இல் பணி தொடங்கியது 38 செ.மீ. தொலைநோக்கியுடன்தான். 1977-இல் யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் உண்டு என்று உலகம் அறிந்தபோது, காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியும் அந்நிகழ்வைப் பதிவு செய்திருந்தது. இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-இல்தான் திறக்கப்பட்டது. அதைக் காண அவர் உயிரோடு இல்லை. இருளையும் பொறுமையையும் முதலில் தேடியவர்களுக்குப் பெரிய கருவி பதினெட்டு ஆண்டுகள் கழித்து வந்தது.

வட்டியில்லாத் தவணை

கடைக்காரர் சொன்ன தவணையையும் ஆராய்ந்தோம். பொருளை விற்பவரே, தவணைக்கென ஒரு விலையை முன்கூட்டியே உறுதி செய்து விற்பது ஆகுமானது என்பது பெரும்பான்மை அறிஞர்களின் கருத்து. ஆனால் கடன் அட்டை வழியாக வரும் இ.எம்.ஐ. வேறு வகை. அங்கே கடன் கொடுப்பது வங்கி. பல அட்டைகளின் ரசீதுகளில் வட்டி தனியாகக் கணக்கிடப்பட்டிருக்கும்; அதே தொகை விலையில் தள்ளுபடியாகக் காட்டப்பட்டிருக்கும்; அந்த வட்டியின் மீது 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் வசூலிக்கப்பட்டிருக்கும். பூஜ்ய வட்டி என்பது உண்மையில் இல்லை, வட்டி வேறு பெயரில் மறைந்திருக்கிறது என்று 2013-இல் இந்திய ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்கு எடுத்துரைத்தது. தேவையான பொருளுக்கே இதில் இறங்குமுன் ஆலிம்களிடம் கேட்க வேண்டும் என்னும்போது, தேவையே உறுதியாகாத ஒன்றுக்கு ஏன் இறங்க வேண்டும்?

எங்கள் முடிவு

கேமரா வாங்கவில்லை. முக்காலியுடன், பழைய 50 மி.மீ. லென்ஸ் ஒன்றை ரொக்கமாக வாங்கிக் கொடுத்தோம். மகளின் கல்லூரித் தொகை அப்படியே இருக்கிறது.

ஃபுல் பிரேம் கேமராவே வீண் என்று நாங்கள் சொல்லவில்லை. இருண்ட இடம், நிலவில்லா இரவு, அகன்ற துளையுள்ள லென்ஸ், போதிய படங்கள் ஆகிய நான்கும் அமைந்த பின்னும் குறை தென்பட்டால், அப்போது சென்சாரைப் பற்றிப் பேசலாம். அகன்ற வானத்தை ஒரே படத்தில் அடக்க விரும்புவோருக்கும், அதைத் தொழிலாகக் கொண்டோருக்கும் அது பயனளிக்கும். ஆனால் நெபுலாக்களின் செந்நிறம் வேண்டும் என்பதற்காக விலை உயர்ந்த கேமரா வாங்குவோர் ஒன்றை அறிய வேண்டும்: அந்தச் செவ்வொளியின் பெரும்பகுதியைத் தடுக்கும் வடிகட்டி சாதாரணமாக விற்கப்படும் பெரிய கேமராக்களிலும் இருக்கிறது. மகன் படிப்பை முடித்துத் தன் உழைப்பில் வாங்கும் நாள் வந்தால், இன்ஷா அல்லாஹ், மகிழ்வோம்.

ஒன்றை மட்டும் ஜமாஅத்தார் முன் வைக்க விரும்புகிறோம். இந்தச் சோதனையில் வானத்தை அதிகம் மறைத்தது மேகமோ மலையோ அன்று. நாமே இரவெல்லாம் எரியவிடும் விளக்குகள். இஷா முடிந்து ஊர் அடங்கிய பின் மினாராவின் அலங்கார விளக்குகளையும், மாடிகளில் யாருக்கும் பயன்படாமல் எரியும் விளக்குகளையும் அணைத்தால், வீண்விரயமும் குறையும். பிள்ளைகள் அண்ணாந்து பார்க்க விண்மீன்களும் மிஞ்சும். பாதுகாப்புக்கு வேண்டிய விளக்குகளைக் கீழ்நோக்கித் திருப்பி வைத்தாலே போதும். எங்கள் மாடி விளக்கை அணைக்கத் தொடங்கிவிட்டோம்.

தேவையையும் ஆசையையும் பிரித்தறியும் தெளிவை நமக்கும் நம் மக்களுக்கும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.